யூத சங்கீத மரபும் புதுக்காலச் சாகித்தியகர்த்தர்களும்

தேர்வாய் கண்டிகையில், சிப்காட் தொழிற்பேட்டைக்கு இரவு வேலைக்குப் போனவர்கள் கண் சிவந்து திரும்புகிற விடியற்காலையில், சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் பால் பொங்குமுன்னரே தம்முடைய பழைய வானொலிப் பெட்டியைத் திருகி வைத்துவிடுவார். நிலையம் அப்போது பேசத் தொடங்கியிராது. தம்புராவின் சுருதி மெல்ல எழும். அதன்மேல் ஒரு வயலின், யாரையோ கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல, சில ஸ்வரங்களை மட்டும் இசைத்து ஓயும். ஓய்ந்து மறுபடியும் அதையே இசைக்கும். பஞ்சாயத்து வானொலியைச் சுற்றி ஊரார் கூடியிருந்த காலத்தில் என் பாட்டனார் கேட்டதும் அதுதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு அதுவே அவருக்குக் கடிகாரம். சிவரஞ்சனியின் சாயல் கொண்டதென்று சங்கீதம் அறிந்தவர்கள் சொல்லும் அந்தச் சிறு மெட்டை நம் நாட்டில் செவியுள்ளோர் எல்லோரும் அறிவர். அதை இயற்றியவர் யாரென்று அறிந்தவரோ மிகச் சிலர்.

அதை இயற்றியவர் வால்டர் காஃப்மன் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. 1907-ஆம் ஆண்டு பொஹீமியாவின் கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்த யூதர் அவர். பெர்லினில் ஃப்ரான்ஸ் ஷ்ரேக்கரிடம் சாகித்தியமும், கூர்ட் ஸாக்ஸ் என்னும் பேரறிஞரிடம் சங்கீத சாஸ்திரமும் பயின்றவர். பிராகாவில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வேண்டிய வேலையை முடித்த பிறகும், தம்மைச் சோதிக்கும் பேராசிரியர் நாஜி இளைஞர்களுக்கு உள்ளூர்த் தலைவராக இருப்பதை அறிந்து அப்பட்டத்தையே வேண்டாமென்று விட்டவர். 1934-இல் பம்பாயில் வந்து இறங்கினார். ஐரோப்பாவிலேயே அவர் இந்திய இசைத்தட்டுகள் சிலவற்றைக் கேட்டிருந்தார், ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும், அறிவும் இதயமும் உடைய மனிதர் ஆக்கி, கோடிக்கணக்கானோர் நேசிக்கிற ஒரு சங்கீதம் தமக்கு விளங்கவில்லையென்றால் குற்றம் தம்முடையதே அன்றிச் சங்கீதத்தினுடையதன்று என்று முடிவுகட்டி, அது பிறந்த இடத்துக்கே போய்க் கற்பதென்று புறப்பட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நம் நாட்டு வானொலி ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் சூடிய 1936-ஆம் ஆண்டிலேயே அந்த மெட்டும் பிறந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1938 ஜூனில், சென்னை நிலையம் தொடங்கியது.

ஒரு யூதர் இந்தியருக்கு அளித்த மெட்டை இந்தக் கட்டுரையின் வாயிலில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. யூதர்களுடைய சங்கீத மரபு சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாக மேல்நாட்டுச் சாஸ்திரிய இசையில் புதிது புதிதாகச் சாகித்தியங்கள் எழுவதற்குத் தூண்டுகோலாக இருந்து வருகிறது. யூதர் அல்லாதாரும் அதில் கை வைத்திருக்கின்றனர். அவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்கையில், ஒரு மரபிலிருந்து மெட்டை எடுத்துக்கொள்வது ஒன்று, அம்மரபு பாடுகிற முறையை ஏற்றுக்கொள்வது வேறொன்று என்பதும், முதலாவது எளிதாகையால் பலர் செய்தனர், இரண்டாவது அரிதாகையால் சிலரே செய்தனர் என்பதும், அந்தச் சிலருடைய படைப்புகளே நாளாக நாளாக ஒளி கூடி நிற்கின்றன என்பதும் எனக்குத் தெளிவாகின்றன. கடல்கடந்த இந்த விவகாரம் நமக்கு எதற்கென்று கேட்பவர்க்கு விடை கொச்சியில் இருக்கிறது. அங்கே போகுமுன் அந்த மரபு இன்னதென்று அறிதல் வேண்டும்.

யூத சங்கீதத்தின் வேர் வேதபாராயணத்தில் இருக்கிறது. ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படும் தோரா தோற்சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே உண்டு. உயிர்க்குறியும் இல்லை, நிறுத்தக்குறியும் இல்லை, ஸ்வரக்குறியும் இல்லை. வாசிப்பவர் இவை அனைத்தையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டே சுருளின்முன் நிற்க வேண்டும். கற்பவர்க்கென எழுதிய ஏடுகளில் மட்டும், சொற்களுக்கு மேலும் கீழுமாகச் சிறு குறிகள் இடப்பட்டிருக்கும். ‘தெஆமிம்’ எனப்படும் இவற்றை, ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் திபேரியா நகரத்து அறிஞர்கள் ஒழுங்குபடுத்தி நிலைநாட்டினர். ஒவ்வொரு குறியும் ஒரு ஸ்வரத்தை அன்று, ஒரு சிறு சஞ்சாரத்தைச் சுட்டும். அதோடு, இந்தச் சொல் அடுத்த சொல்லோடு சேர்வதா, அதிலிருந்து பிரிவதா என்ற இலக்கணச் செய்தியையும் சொல்லும். பொருள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பாட்டும் நிற்கும். குறி ஒன்றேயானாலும் ஏமன் நாட்டு யூதர் அதை ஒரு விதமாகவும், லித்துவேனிய யூதர் வேறு விதமாகவும், பாக்தாத் யூதர் இன்னொரு விதமாகவும் இசைப்பர். உதாத்தம் அனுதாத்தம் என்று கோடிட்ட வேத ஏட்டைக் கண்டவர்க்கும், ஓதுவார் ஒருவர் தாளமின்றிச் சொல்லின் வழியே தேவாரத்தை இழைத்துச் செல்வதைக் கேட்டவர்க்கும், இது அந்நியமாகத் தோன்றாது.

பாராயணத்துக்கு அடுத்தபடி பிரார்த்தனை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே ‘ஹஸ்ஸான்’ எனப்படும் ஆலயப் பாடகர், வேளைக்கும் நாளுக்கும் உரிய சில ஸ்வர அமைப்புகளுக்குள் நின்று மனோதர்மமாகப் பாடுவார். இந்த அமைப்புகளை நூலில் படித்தபோது எனக்கு ஒன்றும் புலப்படவில்லை; வீட்டு ஆர்மோனியப் பெட்டியின்முன் உட்கார்ந்தபோதுதான் புலப்பட்டது. மூன்று கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளையே தொட்டு மேலே போகவேண்டும். காந்தாரத்துக்கு மட்டும் வெள்ளையை விட்டு, ஐந்தரைக் கட்டையாகிய கறுப்பை அழுத்த வேண்டும். சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவுகிற அந்த இடைவெளியில்தான் யூத சங்கீதமென்று உலகம் அடையாளம் காண்கிற ஏக்கம் இருக்கிறது. அவர்கள் ‘அஹாவா ரப்பா’ என்று பெயரிட்ட இந்த அமைப்பு, ஸ்வரக் கணக்கில், நம்முடைய பதினான்காவது மேளகர்த்தாவாகிய வகுளாபரணமே. கல்யாண வீடுகளில் உலகெங்கும் பாடப்படும் ‘ஹவா நகீலா’வும் இதிலேதான் நடக்கிறது. இனி, கறுப்புக் கட்டை அதே ஐந்தரையாக இருக்க, ஸட்ஜத்தை மட்டும் மூன்றிலிருந்து இரண்டு கட்டைக்கு இறக்கினால், ‘மி ஷெபேராக்’ என்று அவர்கள் வழங்கும் இன்னோர் அமைப்பு கிடைக்கிறது. அது நம்முடைய ஹேமவதி. ஆறு கட்டையை ஸட்ஜமாக்கினாலோ கீரவாணி. ஒரே ஏழு ஸ்வரங்களில் ஆதாரத்தை மாற்றி மாற்றி வைத்து வேறு வேறு ராகங்களைக் காண்பதை நம் வித்துவான்கள் கிரகபேதம் என்பார்கள். கிழக்கு ஐரோப்பிய யூத வாத்தியக்காரர், பெயர் ஏதும் வைக்காமலேயே, ஒரு பாட்டுக்குள் இந்த வீடுகளுக்கிடையே போய் வந்துகொண்டிருந்தனர். அன்று மாலை நெடுநேரம் அந்த ஒரு கறுப்புக் கட்டையிலிருந்து என்னால் விரலை எடுக்க முடியவில்லை.

இந்த ஒற்றுமையைக் கொண்டு, இவர்கள் அங்கிருந்து வந்தார்கள், அவர்கள் இங்கிருந்து போனார்கள் என்று சரித்திரம் கட்டுவது தவறு. ஸ்வர வரிசை ராகம் ஆகாது. வகுளாபரணத்தின் ஜன்யமான வசந்தபைரவியை அதன் பிரயோகங்களைக் கொண்டே நாம் அறிகிறோம். ஆரோகண அவரோகணத்தை மட்டும் கொண்டு அன்று. அஹாவா ரப்பாவும் அவ்வாறே. அதற்கென்று தொடக்கமும் இடைநிறுத்தமும் முடிவும் உண்டு; இன்ன வசனத்துக்கு இன்ன இடத்தில் வந்து அமர வேண்டும் என்ற நியதி உண்டு. மெட்டு எடுப்பவர்க்குத் தட்டுப்படாமல் நழுவிவிடுவது இந்த நியதியே.

வாய்வழி வந்த இச்செல்வம் ஏட்டிலும் மெழுகு உருளையிலும் ஏறியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் 1908-ஆம் ஆண்டு யூத நாட்டுப்பாடல் சங்கம் ஒன்று தோன்றியது. 1912 முதல் 1914 வரையில், அன்ஸ்கி என்னும் எழுத்தாளர் ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு, வொலீனியா, பொதோலியா மாகாணங்களின் சிற்றூர்கள்தோறும் போனோகிராஃப் கருவியோடு அலைந்தார். முதற்பயணத்தில் யோயெல் எங்கெல் என்ற இசையமைப்பாளரும் உடன்சென்றார். மெழுகு உருளைகளில் அன்று பதிந்த குரல்கள் இன்றும் கீவ் நகரத்து வெர்னாட்ஸ்கி நூலகத்தில் பேணப்படுகின்றன. அக்குரல்கள் ஒலித்த ஊர்களிலோ முப்பதாண்டுகளுக்குள் பாடுவதற்கு யூதர் இல்லாமற் போயினர். அதே காலத்தில் எருசலேமில் இடெல்ஸன் என்ற ஹஸ்ஸான், ஏமனியர், பாரசீகர், பாக்தாதியர் என்று அங்கே வந்து கூடியிருந்த யூத சமூகங்கள் ஒவ்வொன்றின் பாட்டையும் பதிவுசெய்து, 1914-இல் தொடங்கி 1932 வரையில் பத்துப் பாகங்களாக வெளியிட்டார். நம் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் பல்லாண்டு உழைப்பின் பயனாகக் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்ட 1917-ஆம் ஆண்டும் இந்த இடைவெளியிலேதான் விழுகிறது. தம் முன்னோரின் இசை தம் கண்முன் கரைகிறது என்ற கலக்கம் அன்று பல தேசங்களில் பல மனிதரை ஒரே வேலைக்கு எழுப்பியிருக்கிறது.

சாகித்தியகர்த்தர்களின் வரலாறு இதற்கும் முன்னே தொடங்குகிறது. மக்ஸ் ப்ரூக் ஜெர்மானியர், கிறிஸ்தவர், பெர்லின் ஹஸ்ஸான் லிக்டன்ஸ்டைனின் பழக்கத்தால் யூத மெட்டுகளை அறிந்து, பாவநிவாரண நாளின் முன்னிரவில் பாடப்படும் ‘கொல் நித்ரே’யின் மெட்டைச் செல்லோ வாத்தியத்துக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்குமாக அமைத்தார், 1881-இல் அது அச்சேறியது. கேட்போர் நெஞ்சைக் கரைக்கும் படைப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆனால், மெட்டின் முதல் சில அடிகளுக்குப் பின் அது ஜெர்மானிய ரொமாண்டிக் இசையின் நடையிலேயே நடக்கிறது. யூத மரபு அங்கே வாயிலில் வைத்த கோலமாக நின்றுவிடுகிறது. 1914-இல் பிரெஞ்சுக்காரராகிய ராவேல் அமைத்த இரண்டு எபிரேயப் பாடல்கள் இதனினும் ஒரு படி மேலானவை. நீத்தோர் பொருட்டுச் சொல்லப்படும் ‘கத்திஷ்’ பிரார்த்தனையை அவர் எடுத்துக்கொண்டபோது, பியானோவை ஏறக்குறைய மௌனமாக்கிவிட்டு, குரல் ஒன்றையே ஹஸ்ஸானின் குரல்போல இழையவும் குழையவும் விட்டார். தாம் சேர்க்கக் கூடாதது எது என்று அறிந்திருந்ததே ராவேலின் மேதை.

எர்னெஸ்ட் ப்ளோக் வேறு வழி போனார். 1880-இல் ஜெனீவாவில் பிறந்த யூதராகிய அவர், பழைய மெட்டுகளைத் தோண்டி எடுப்பது தம் வேலையன்று, தம் இனத்தின் ஆன்மா தம்முள் எப்படி ஒலிக்கிறதோ அப்படி எழுதுவதே தம் வேலை என்று வெளிப்படையாகச் சொன்னவர். விவிலியத்தின் ‘பிரசங்கி’ ஆகமத்தை மனிதக் குரலுக்கு அமைக்க வேண்டுமென்று அவர் முதலில் எண்ணினார். பிரெஞ்சிலா, ஜெர்மனிலா, ஆங்கிலத்திலா என்று தடுமாறினார். எபிரேயமோ தமக்குப் போதிய அளவு வராது. அந்த நிலையில் செல்லோ வித்துவான் ஒருவர் எதிர்ப்பட, சொல்லைக் கைவிட்டு, சாலொமோன் ராஜனின் குரலைச் செல்லோவிடமே ஒப்படைத்தார். 1916-இல் ‘ஷெலோமோ’ பிறந்தது. மொழியை இழந்துவிட்ட ஒரு மனிதன் வாத்தியத்தின் வாயால் தன் முன்னோரோடு பேசுகிற அந்தக் கதறலை நான் கேட்கும்போதெல்லாம் என் மனம் கலங்குகிறது. ஆயினும் அதன் ஆவேசத்தில் பாதி, ஹாலிவுட் படங்களில் கீழ்த்திசையைக் காட்டும் வாத்திய முழக்கமாகப் பிற்காலத்தார் கையில் மலிந்துபோயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆன்மாவை மட்டும் நம்பி நியதியை விடும்போது வருகிற அபாயம் அது.

ஷோஸ்டகோவிச் யூதர் அல்லர். 1944-இல், அகாலமாக மறைந்த நண்பர் ஸொல்லெர்டின்ஸ்கியின் நினைவாக அவர் அமைத்த பியானோ-வயலின்-செல்லோ மூவிசையின் கடைசிப் பகுதியில், ஆடத் தூண்டுகிற ஒரு யூத மெட்டு, ஆட ஆட மரண ஓலமாக மாறுகிறது. யூதப் படுகொலை முகாம்களின் செய்திகள் ரஷ்யாவுக்கு எட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது. சிரிப்பும் அழுகையும் ஒரே சஞ்சாரத்தில் இருப்பதே யூத இசையில் தம்மைக் கவர்ந்தது என்று அவர் கருதினார். அந்த இரட்டைத் தன்மையையே தம் சொந்த மொழியாக்கிக்கொண்டார். 1948-இல் யூத நாட்டுப்பாடல்களைக் கொண்டு ஒரு பாடல் தொகுதி அமைத்தார். சோவியத் அரசு யூதர்மேல் பாய்ந்திருந்த வேளையாதலால் அது பெட்டிக்குள் கிடந்து 1955-இல்தான் மேடை கண்டது. மூவிசையின் அந்த மெட்டையே 1960-இல் தம் எட்டாவது நால்வர் தந்தியிசைக்குள்ளும் கொண்டுவந்து வைத்தார். கடன் வாங்கிய மெட்டு அங்கே கடனாக இல்லை. தம் வாழ்க்கைச் சரித்திரத்தின் ஓர் ஏடாகிவிட்டது.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுபவர் அமெரிக்கரான ஸ்டீவ் ரைக். யூதக் குடும்பத்தில் பிறந்தும் அம்மரபில் வளராத அவர், நாற்பதை நெருங்கும் வயதில், நியூயார்க்கிலும் எருசலேமிலும் எபிரேய மொழியையும் பாராயண முறையையும் மாணவராக அமர்ந்து கற்றார். 1981-இல் ‘தெஹிலிம்’ என்ற படைப்பை வெளியிட்டபோது, கற்ற பாராயண மெட்டுகளில் ஒன்றைக்கூட அதில் எடுத்தாளவில்லை. தமிழ் விவிலியத்தில் நாம் ‘சங்கீதம்’ என்றே அழைக்கும் அந்த ஆகமத்தின் 19, 34, 18, 150 ஆகிய அதிகாரங்களிலிருந்து சில வசனங்களை எடுத்துக்கொண்டார்; சங்கீதங்களைப் பாடும் பழைய முறை மேல்நாட்டு ஜெப ஆலயங்களில் மறைந்துவிட்டதாகையால், அங்கே மெட்டமைக்கத் தமக்குச் சுதந்திரம் உண்டு என்பது அவர் நியாயம். உயிருள்ள மரபின்மேல் கை வைக்காமல், வெறுமையாய்க் கிடந்த இடத்தில் கட்டினார். கற்றதோ வீண் போகவில்லை. எபிரேயச் சொல்லின் அசை எங்கே நீள்கிறதோ அங்கே ஸ்வரம் நீள்கிறது. இரண்டும் மூன்றுமாக மாறி மாறி வரும் எண்ணிக்கையில் தாளம் சொல்லின் பின்னால் ஓடுகிறது. சலங்கை நீக்கிய சிறு கைப்பறைகளும் கைத்தட்டலும் அதைத் தாங்குகின்றன. பாடுவோர் நால்வரும் பெண்கள். கஞ்சிராக்காரர் ஒருவர் தனியாவர்த்தனத்தில் மூன்றும் இரண்டுமாகப் பிரித்துக் கோப்பதைக் கைவிரலில் எண்ணிப் பழகிய நம் ரசிகர்கள் இதனை முதல் கேள்வியிலேயே ரசிப்பார்கள். 1988-இல் அவர் செய்த ‘டிஃபரென்ட் டிரெயின்ஸ்’ இன்னும் துணிவானது: நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்தோரின் பேச்சைப் பதிவு நாடாவில் வைத்து, அப்பேச்சின் ஏற்ற இறக்கத்தையே ஸ்வரமாக்கி, நால்வர் தந்திக் குழுவை அதைப் பின்பற்றச் செய்தார். வசனம் எப்படி வருகிறதோ அப்படிப் பாட்டு என்ற தெஆமிமின் நியதி, ஆலயத்தை விட்டு வெளியேறி, ரயிலில் ஏற்றப்பட்ட மனிதர்களின் வாக்குமூலத்துக்குள் குடிபுகுந்தது.

அவருக்குப் பின் வந்தவருள் அர்ஜென்டினாவில் பிறந்த ஒஸ்வால்டோ கொலிஹோவ், 1994-இல், பார்வையற்ற ஐசக் என்னும் இடைக்கால யூத ஞானியைக் கருவாகக் கொண்டு, கிளாரினெட்டுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமாக ஒரு படைப்பை அளித்தார். கல்யாண வாத்தியக்காரரின் கிளாரினெட்டு அங்கே விம்முவதும் சிரிப்பதும் விக்குவதும் ஒரு மனிதர் அருகிருந்து பேசுவதுபோலவே இருக்கின்றன.

இனி நம் நாடு. சென்னைப் பட்டணத்தில் பதினேழாம் நூற்றாண்டிலேயே, போர்த்துகீசிய வழிவந்த யூத வணிகர்கள் பவளமும் வைரமும் விற்று வாழ்ந்தனர். மண்ணடியின் பவழக்காரத் தெரு அவர்களை நினைவூட்டுகிறது. கல்லறைக் கற்கள் சில எஞ்சின, பாட்டு எஞ்சவில்லை. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆபிரகாம், யோசேப்பு முதலியோர் சரித்திரங்களை மராட்டியக் கீர்த்தனமாகவே நடத்தினர். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரின் கையில் நம் ஹரிகதையாக உருவெடுத்ததும் அதே மராட்டியக் கீர்த்தனமே என்பதை எண்ணும்போது, ஒரு மரத்தின் ஒரு கிளையில் இராமாயணமும் மறு கிளையில் தோராவும் பழுத்த அதிசயம் விளங்கும்.

எல்லாவற்றினும் நமக்கு அணுக்கமானது கொச்சி. ஏறத்தாழ கி.பி. 1000-இல், பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன், முயிரிக்கோட்டில் இருந்தருளி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை அளித்துச் செப்பேடு ஒன்று வழங்கினான். தமிழோடு இன்னும் தொப்புள்கொடி அறாத மொழியில், வட்டெழுத்தில் பொறித்த அந்த ஏடு மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தில் காக்கப்பட்டு வருகிறது. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று அடுக்கும் அவ்வுரிமைகளின் நடுவே வடுகப்பறையும் காகளமும் இருக்கின்றன. தோலும் துளையுமாகிய வாத்தியங்களை இன்னார் முழக்கலாம், இன்னார் முழக்கலாகாது என்று கண்டிப்பாக வரையறுத்திருந்த ஒரு சமூகத்தில், அரசன் ஓர் அந்நியச் சமூகத்தாருக்குப் பறையையும் எக்காளத்தையும் எழுதிக்கொடுத்தான் என்றால், அவர்கள் சங்கீதத்துக்கு ஊர்நடுவே இடங்கொடுத்தான் என்றே பொருள்.

அந்த இடத்தை நிரப்பியவர்கள் பெண்கள். கண்டிப்பான யூத சமூகங்கள் பலவற்றில் ஆடவர் கேட்கப் பெண்கள் பாடலாகாது. கொச்சி, பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களின் யூதப் பெண்களோ, கல்யாணத்திலும் விருத்தசேதனச் சடங்கிலும் தோரா மகிழ்விழாவிலும் ஜெப ஆலயத் திறப்பிலும் சபைநடுவே பாடினர். எபிரேயப் பிரார்த்தனைகளையும் அவர்கள் அறிவார்கள். ஆயினும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது மலையாளப் பாட்டை. கிளியை விளித்துப் பாடுவது கேரளத்தின் பழைய வழக்கம். கிளிக்கண்ணி அறிந்த நமக்கும் அது தெரியும். அதே கிளியை அவர்களும் விளித்தார்கள். மோசேயும் மணப்பெண்ணும் ஒரே நோட்டுப் புத்தகத்தின் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தனர். தாயிடமிருந்து மகளும் மாமியாரிடமிருந்து மருமகளும் பார்த்து எழுதிக்கொண்ட கையெழுத்து ஏடுகள் அவை. அவற்றில் சொல் உண்டு, மெட்டு இல்லை. மெட்டு கழுத்தோடு இருந்தது.

1950-களில் அம்மக்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, ஏடுகள் மூட்டைக்குள் ஏறின. பிள்ளைகளுக்கு அங்கே மலையாளம் மறந்தது. மட்டாஞ்சேரியில் 1912-இல் பிறந்த ரூபி டேனியல் என்ற மாதரசி முதுமையில் உட்கார்ந்து இப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். பார்பரா ஜான்சன் என்னும் அமெரிக்க மானிடவியலார் ஏடுகளையும் குரல்களையும் தேடித் தேடித் தொகுத்தார். மலையாளப் பேராசிரியர் ஸ்கறியா ஸக்கறியாவும் ஒஃபிரா கம்லியேலும் சொற்களை ஆராய்ந்து 2005-இல் ‘கார்குழலி’ என்ற பெயரில் மலையாளமும் எபிரேயமுமாக ஒரு தொகுப்பை வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆராய்ச்சி நிலையம் அப்பாடல்களின் ஒலித்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. ‘கார்குழலி’ என்ற சொல்லுக்குத் தமிழனுக்கு எந்த அகராதி வேண்டும்?

இந்த வரலாற்றைப் படிக்கையில் நம்பியாண்டார் நம்பியின் கதை என் நினைவில் எழாமல் இருப்பதில்லை. தில்லையில் அரசனுக்குத் தேவார ஏடுகள் கிடைத்தபின் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை எருக்கத்தம்புலியூரிலிருந்து அழைத்துவந்து, அவள் பாடக் கேட்டே பண் வகுத்தனர் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஏடு அரசனிடம் அகப்பட்டது; இசை ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்தது. கொச்சியில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. வேறுபாடு ஒன்று, அங்கே ஏட்டையும் பெண்களே வைத்திருந்தனர்.

ஆகவே கொச்சிப் பாடல்களை வைத்துப் புதிதாகச் சாகித்தியம் செய்ய விரும்பும் நம்மவர் எவரேனும் உளராயின், ஒலித்தட்டிலிருந்து மெட்டைப் பிய்த்தெடுத்து, அதன்கீழ் வயலின் கூட்டத்தையும் மின்விசைத் தாளத்தையும் பரப்பிவிடலாகாது என்று வேண்டிக்கொள்கிறேன். அப்பெண்கள் மூச்சு வாங்குகிற இடம் எது, கூட்டமாகப் பாடும்போது ஒருத்தி முந்துவதும் மற்றவர் அவளைத் தொட்டுப் பிடிப்பதும் எங்கே, சொல் முடிந்தும் ஸ்வரம் முடியாமல் இழுபடுவது எந்த எழுத்தில் என்பவற்றையெல்லாம் ரைக் எபிரேயம் கற்ற பொறுமையோடு கற்ற பிறகு, அம்மெட்டை அப்படியே அதன் போக்கில் விட்டுவிட்டு, அந்தப் பாடும் முறையைக் கொண்டு வேறொன்று செய்யட்டும். மலையாளத்தின் பழஞ்சொல் நம் செவிக்குத் தானே விளங்குமாதலால், பெர்லினிலோ நியூயார்க்கிலோ இருப்பவரைவிட இதற்குத் தகுதி நமக்கே மிகுதி.

காஃப்மன் இத்தகைய பொறுமை உடையவர். பம்பாயில் சிறு வாத்தியக் கச்சேரிச் சங்கம் ஒன்றை நிறுவி, மேஹ்லி மேத்தா முதலியவரோடு வாரந்தோறும் மேல்நாட்டு இசை வாசித்துக்கொண்டே, இந்துஸ்தானி ராகங்களைக் கற்றார். 1937 முதல் 1946 வரையில் பம்பாய் வானொலியில் மேல்நாட்டு இசைப் பகுதியை நடத்தினார். 1938-இல் ‘அனசூயா’ என்ற இசை நாடகத்தை ஒலிபரப்பினார். 1943-இல் ‘இந்திய சிம்ஃபனி’யும், பின்னர்ப் பியானோவுக்கும் சிறு வாத்தியக் குழுவுக்குமாக ‘நவரத்தினம்’ என்ற படைப்பும் எழுதினார். யுத்தம் முடிந்தபின் இந்தியாவை விட்டுக் கானடாவின் வின்னிபெக் நகர வாத்தியக் குழுவை நடத்தி, இறுதியில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1984-இல் காலமானார். அவருடைய பம்பாய்ப் படைப்புகள் நெடுங்காலம் கையெழுத்தாகவே கிடந்தன, டொராண்டோவின் ஏ.ஆர்.சி. குழுவினர் அவற்றுள் சிலவற்றை 2020-இல் ஒலித்தட்டாக வெளியிட்ட பிறகே உலகம் கேட்டது. அவற்றில் தம்புராவைச் செல்லோ ஏற்கிறது. வயலின் ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நம் ஆலாபனையைப்போல அவசரமின்றி மேலேறுகிறது. ஹஸ்ஸானின் மனோதர்மத்தைச் செவியாரக் கேட்ட இனத்தில் வந்தவர்க்கு ஆலாபனை எட்டியதில் வியப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவர் வாழ்நாளின் பெரும் உழைப்பு இரண்டு புத்தகங்கள்: 1968-இல் வடநாட்டு ராகங்களைப் பற்றியது, 1976-இல் தென்னாட்டு ராகங்களைப் பற்றியது. தென்னாட்டுப் புத்தகத்தில் மேளகர்த்தா வரிசையில் ஒவ்வொன்றாக, மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில், ராகங்களை எழுதிவைத்திருக்கிறார். பதினான்காவது மேளத்துக்கு வரும்போது, சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே உள்ள அந்தத் தாவலை, கார்ல்ஸ்பாத்தில் பிறந்த அந்த யூதர் தம் கையாலேயே ஒரு கோட்டில் இட்டு, மேலே வகுளாபரணம் என்று பெயரும் எழுதினார்.